பழைய டிசைனர் உடைகளைப் பூட்டி வைப்பதா, போட்டுக்கொள்வதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரண்டு வருடங்களில் ஒன்பது உடைகள் வாங்கியிருக்கிறீர்கள். எல்லாம் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்தவை. கொம் தெ கார்சோன், மார்ஜீலா, ஹெல்முட் லாங் போன்ற டிசைனர் பெயர்கள். ஒன்றைக்கூடப் போட்டுக்கொண்டு வெளியே போனதில்லை. போட்டால் கெட்டுவிடுமோ என்று பயம். வீட்டில் போட்டுப் பார்த்தால் கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் கூச்சம். "சேகரிப்பதோடு நிறுத்திக்கொள்வதா, உடுத்தலாமா, அடுத்து எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாக இருந்தாலும் என் காதில் விழுவது ஒன்றுதான்: இந்த உடைகள் எப்போது என்னுடையவை ஆகும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வாங்குவதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று, ஒரு அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அதன் பிறகு பதினான்கு வருடமாகத் தனியார் சேகரிப்புகளில் இருக்கும் உடைகளைப் பழுதுபார்க்கிறேன். எனக்கென்றும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், அவற்றை உடுத்தவும் செய்கிறேன். கம்பளி, பருத்தி, பட்டு, செயற்கை இழை ஆகியவற்றைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். தோலும் ஃபரும் என் கைக்குப் பழகாதவை, அவற்றை வேறொருவரிடம்தான் அனுப்புகிறேன். எந்த உடையின் விலை ஏறும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதை உறுதியாகச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

பயத்திலிருந்து தொடங்குவோம். சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் ஒரு ஜோடி பூட்ஸைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வாங்கிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது, ஒருமுறைகூடக் காலில் ஏற்றவில்லை. மேல் தோல் கடையில் இருந்த நாளைப் போலவே மின்னியது. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தால் ஈரச் சுண்ணாம்புபோல் ஒரு மாவு விரலில் ஒட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரத்தோடு அது மெல்ல வினைபுரிந்து, உள்ளுக்குள்ளேயே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோகின்றன. போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த பளபளப்பான பூச்சுத் துணிகள், தோல்போல் தெரியும் ஜாக்கெட்டுகள், உள்ளே வைத்துத் தைத்த ஸ்பாஞ்சு, இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி எனப் பலவற்றிலும் இதே பொருள்தான் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அவ்வப்போது போட்டு நடந்தால் ஷூவின் ஆயுள் கூடும் என்று பலர் சொல்கிறார்கள்; இருக்கலாம், நான் உறுதி சொல்லமாட்டேன். பெட்டியில் மூடி வைத்தால் அப்படியே இருக்கும் என்பது தவறு, இது மட்டும் நிச்சயம். உங்கள் ஒன்பதில் பூச்சுத் துணி ஏதாவது இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறதா, மடிப்பில் வெடிப்பு விட்டிருக்கிறதா? ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை. நன்றாக இருந்தால், அது நன்றாக இருக்கும் காலத்திலேயே போட்டுவிடுங்கள்.

மற்ற துணிகளுக்குக் கணக்கு வேறு. நெருக்கமாக முறுக்கி நெய்த கம்பளி கேபர்டீன், கனமான பருத்தி, நைலான் இவையெல்லாம் உடுத்துவதற்குத் தாங்கும். முப்பது வருடம் ஆன கேபர்டீன் கோட்டை மாதத்துக்கு நான்கு முறை போட்டால் துணிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் விட்டுப்போவது அக்குள் பக்கத் தையலும் பாக்கெட்டின் வாயும்தான், இரண்டையும் சரிசெய்யலாம். மணி கோத்த உடை, இழைக்குச் சாய்வாக, மூலைவாட்டில் வெட்டிய மெல்லிய பட்டு, இதற்கெல்லாம் ஓய்வுதான் நல்லது. ஹேங்கரில் தொங்கவிட்டாலே தன் எடையில் நீண்டுபோகும், படுக்கை வசமாக வைக்க வேண்டும். ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகேயின் ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற மடிப்பு உடை வரிசை 1993ல் வந்தது. அதன் துணியைத் தேவையைவிடப் பல மடங்கு பெரிதாக வெட்டி, உடையாகத் தைத்து முடித்த பிறகு காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றுகிறார்கள். பாலியஸ்டர் என்பதால் அந்த மடிப்பு துவைத்தாலும் நிற்கும். ஆனால் சூட்டில் வந்த மடிப்பு சூட்டிலேயே போகும், சூடான இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இப்படி ஒவ்வொரு துணிக்கும் எது எதிரி என்று தெரிந்துவிட்டால், உங்கள் பயம் பொதுவான பயமாக இருக்காது. இந்த உடைக்கு இது ஆகாது என்ற அளவில் சுருங்கிவிடும்.

பாதுகாப்பு என்று வந்தால் நான் அதிகம் பார்க்கும் சேதம் உடுத்தியதால் வந்தது இல்லை. டிரை கிளீனிங் கடையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் விட்டது, கம்பி ஹேங்கர் துருப்பிடித்துத் தோளில் கறை இறங்கியது, வேர்வையோடு அப்படியே உள்ளே வைத்தது, அப்புறம் அந்துப்பூச்சி. பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. அதுவும் வேர்வையும் அழுக்கும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடிப்போகும். அந்துருண்டை போடாதீர்கள். உடலுக்கு நல்லதில்லை, வாடை லேசில் போகாது, சில வகைப் பிளாஸ்டிக் பட்டன்களையும் அது கெடுக்கும். புதிதாக வாங்கும் எந்தக் கம்பளி உடையையும் மற்றவற்றோடு சேர்க்கும் முன் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக மூடி, −18 டிகிரி செல்சியஸ் அல்லது அதைவிடக் குளிரான ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், ஈரம் பையின் வெளிப்பக்கத்திலேயே படிந்து காய்ந்துவிடும். பூச்சுத் துணி, மணி வேலை, தோல் இருந்தால் இந்த முறை வேண்டாம். வெளிச்சமும் அப்படித்தான், அது செய்யும் சேதம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் வைப்பார்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் அழகாகத் தொங்கவிட்டிருப்பதைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோள்பட்டைகளின் நிறத்தைப் பற்றித்தான் கவலை வரும்.

சரி, வரலாற்று மதிப்புள்ள ஒன்றை உடுத்துவது தவறா? அருங்காட்சியகத்தில் இருந்தவரை என் பதில் ஆமாம் என்பதுதான், இன்றும் அங்கே அந்த விதியை மாற்றச் சொல்லமாட்டேன். பொதுச் சொத்தாக ஒரு உடை வந்துவிட்டால் அது அடுத்த தலைமுறை படிப்பதற்காக இருக்கிறது. உங்கள் அலமாரிக்கு அந்தக் கடமை இல்லை. ஹெல்முட் லாங் தன் உடைகளில் பெரும்பகுதியை உலகின் பல அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார். 2010ல் அவருடைய ஸ்டுடியோ இருந்த கட்டடத்தில் தீப்பிடித்த பிறகு, மீதியிருந்ததில் ஏறக்குறைய 6,000 உடைகளைத் துண்டுதுண்டாக அரைத்து, 2011ல் சிற்பங்களாக வைத்தார். முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு யோசித்தேன்: படிக்க வேண்டியவை படிக்கும் இடத்துக்குப் போய்விட்டன, மீதியைத் துணியாகத்தான் அவர் பார்த்திருக்கிறார். உங்களிடம் இருப்பதுபோன்ற லாங் ஜாக்கெட், கடையில் விற்பதற்காகப் பல எண்ணிக்கையில் தைத்தது. அதை நீங்கள் போட்டால் வரலாற்றிலிருந்து ஒன்றும் குறைந்துபோகாது.

இன்னொரு மனிதரையும் இங்கே சொல்ல வேண்டும். டிசைனர் அஸ்ஸெதீன் அலாயா 2017ல் இறக்கும்வரை, தனக்கு முந்தைய டிசைனர்களான பாலென்சியாகா, மதலேன் வியோனே, மதாம் க்ரே ஆகியோரின் உடைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1968ல் பாலென்சியாகா தன் நிறுவனத்தை மூடியபோது தொடங்கிய பழக்கம் அது. வெட்டைப் படிப்பதற்காக, கைவேலையைக் கண்ணால் தொடுவதற்காகச் சேர்த்தார். அவரோ கிட்டத்தட்ட எல்லா நாளும் ஒரே மாதிரியான கறுப்புப் பருத்திச் சட்டையும் பேன்ட்டும்தான் போட்டார். அவரைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. சேகரிப்பது கண்ணின் வேலை, உடுத்துவது உடம்பின் வேலை. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. நீங்கள் இரண்டு வருடமாகக் கண்ணால் வாங்கியிருக்கிறீர்கள். உடம்பிடம் இன்னும் கேட்கவில்லை. கண்ணாடியில் தெரியும் அந்த வேறு யாரோ அங்கிருந்துதான் வருகிறார் என்று நினைக்கிறேன்.

இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. ஒரே ஒரு உடையை எடுங்கள். அதோடு நீங்கள் தினமும் போடும் பேன்ட், தினமும் போடும் செருப்பு. ரன்வே படத்தில், அதாவது ஃபேஷன் ஷோ மேடையில் எடுத்த படத்தில், அது எதோடு வந்தது என்று தேடாதீர்கள். தலை முதல் கால்வரை அந்தப் படத்தைத் திருப்பிச் செய்தால் யாருக்குமே வேஷம்போல்தான் இருக்கும், ஏனென்றால் அந்தச் சேர்க்கை பத்து நிமிட நிகழ்ச்சிக்காகச் செய்தது. விசேஷமில்லாத ஒரு நாளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள். முதல் நாள் எல்லோரும் உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். மூன்றாம் முறை போடும்போது உடையை மறந்துவிட்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நான் காத்திருப்பது அந்த மூன்றாம் நாளுக்குத்தான். அன்றும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தால், அந்த உடை எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்களுக்கானதில்லை, விற்றுவிடலாம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஜப்பானிய டிசைனர் யோஜி யமமோட்டோவின் கறுப்பு கேபர்டீன் கோட் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கு வருடம் அதைத் தொங்கவிட்டுப் பார்த்து ரசித்தேன். முதல்முறை போட்டு நடந்த அன்றுதான் அதன் பாக்கெட் வழக்கத்தைவிட நாலு விரல் கீழே இருப்பது தெரிந்தது. கையை உள்ளே விட்டால் முழங்கை நீண்டுகொள்கிறது, தோள் தானாகத் தளர்கிறது, நடை மெதுவாகிறது. கோட்டின் எடை முழுக்கப் பின்கழுத்தில் உட்கார்ந்து முதுகு வழியாக இறங்குகிறது. உள்ளே திருப்பி அளந்தபோது பின்பக்கத் தோள் தையல் முன்பக்கம் தள்ளி வந்திருந்தது. எடை பின்னால் போனது அதனால்தான். நான்கு வருடம் பார்த்தும் படிக்காத பாடத்தை அரை மணி நேர நடையில் படித்தேன். அன்று முதல் எந்த உடை வாங்கினாலும் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். விற்பவர்கள் பலர் இந்தக் கேள்வியை இதுவரை கேட்டதே இல்லை என்கிறார்கள்.

அடுத்து ஒரு இன்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பது உடைகளையும், அவற்றோடு நீங்கள் வருடக்கணக்காக விடாமல் போடும் பழைய சட்டை ஒன்றையும் சமதரையில் பரப்பி அளந்து எழுதுங்கள்: தோளிலிருந்து தோள், அக்குளிலிருந்து அக்குள், கை நீளம், பின்பக்க நீளம், கை உடலோடு சேரும் கைக்குழியின் ஆழம். பக்கத்திலேயே துணி கனமா லேசா, காலர் உண்டா, எத்தனை முறை போட்டேன் என்றும் குறித்துவையுங்கள். என்னிடம் வரும் ஒரு சேகரிப்பாளர் நாற்பதுக்கு மேல் வைத்திருந்தார், வேறு வேறு டிசைனர்கள், வேறு வேறு பத்தாண்டுகள். அளந்து எழுதியபோது அவர் திரும்பத் திரும்பப் போட்டது ஏழு. அந்த ஏழுக்கும் கைக்குழி ஆழம், காலர் இல்லை, நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண். பெயர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தன் ரசனை இன்ன டிசைனர் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தத் தாளைப் பார்த்து வெகுநேரம் பேசவில்லை. தனக்கென்று ஒரு பாணி இல்லை என்று நினைப்பவர்களிடமும் அது இப்படி எண்களாக எங்கோ கிடக்கிறது.

இனி வாங்குவது. பழைய டிசைனர் உடைகளில் பெயர் மட்டும் போதாது, எந்தக் கை எந்த வருடம் வேலை செய்தது என்பதுதான் கேள்வி. ஹெல்முட் லாங் 2005ல் விலகிவிட்டார், பெயர் இன்றும் கடையில் இருக்கிறது. மார்ட்டின் மார்ஜீலா 2009ல் விலகினார். 2015ல் நிறுவனத்தின் பெயரிலிருந்தே மார்ட்டின் என்பது போய்விட்டது, ஆகவே லேபிளில் எழுதியிருக்கும் பெயரே காலத்தைப் பாதி சொல்லிவிடும். அவருடைய வெள்ளை லேபிளில், எந்த வரிசை என்று காட்டும் 0 முதல் 23 வரை எண்கள் வந்தது 1997ல். ஆனால் எண் இல்லாத வெற்று லேபிள் என்றாலே அதற்கு முந்தையது என்று விற்பதை நம்பாதீர்கள். பெண்களுக்கான முதன்மை வரிசையில் வெற்று லேபிள் பிறகும் தொடர்ந்தது. கொம் தெ கார்சோனின் உள் லேபிளில் ஏடி என்ற எழுத்துகளோடு ஒரு வருடம் இருக்கும். அது தயாரித்த வருடம். அந்த நிறுவனத்தின் டிசைனர் ரெய் கவாகுபோவின் புகழ்பெற்ற 1997 வசந்தகால உடைகள், உடம்பில் புடைப்புகள் வைத்துத் தைத்தவை, 1996 என்று போட்டு வருவது அதனால்தான். விற்பவர் ஒரு வருடம் சொல்லி லேபிள் இன்னொன்று சொன்னால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம், எந்த சீசனுக்கான உடை என்று கேளுங்கள்.

மார்ஜீலா லேபிளைப் பிடித்திருக்கும் நான்கு வெள்ளைத் தையல்களைப் பற்றி ஒரு வார்த்தை. லைனிங் இல்லாத உடையில் அவை வெளிப்பக்க முதுகிலும் தெரியும். தற்காலிகத் தையல் என்று நினைத்து வெட்டி எறிந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். துணியில் ஊசித் துளைகள் மிச்சமிருந்தால் அதே இடத்தில் திரும்பப் போட்டுவிடலாம், ஆனால் அது பழுதுபார்த்தது என்று எழுதி வைப்பது முறை, பிறகு விற்கும்போது சொல்லவும் வேண்டும்.

அசலா போலியா என்பதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சட்டமோ வரலாறோ காலத்தைக் காட்டும் விஷயங்கள் நல்ல சாட்சி: அமெரிக்காவில் பராமரிப்புக் குறிப்பு லேபிள் 1972 முதல்தான் கட்டாயம், மேற்கு ஜெர்மனியில் தயாரானது என்று இருந்தால் பெரும்பாலும் 1990 அல்லது அதற்கு முந்தையது. உள்பக்கம் திருப்பினால் தையலின் அடர்த்தி, துணி விளிம்பு பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல், காஜாவின் முடிச்சு, ஜிப்பின் பின்பக்க எழுத்து இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். லேபிளைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தனியாகத் தெரிந்தால் அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்து இது அசல் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. போலி என்று மட்டும்தான் சில சமயம் சொல்ல முடியும். ரன்வேயில் போனது என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது அதே டிசைனின் கடைப் பிரதியாக இருக்கும். பழைய டிசைனை நிறுவனமே மறுபடி தைத்து வெளியிடுவதும் உண்டு. 2012ல் எச் அண்ட் எம்முடன் சேர்ந்து மார்ஜீலாவின் பழைய டிசைன்கள் அப்படித்தான் வந்தன. உடுத்துவதற்கு என்றால் அதில் ஒரு குறையும் இல்லை, வாங்குபவருக்கு அது எது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் லேபிள் எண்ணை மறந்துவிடுங்கள், உங்கள் தாளில் இருக்கும் அளவுகளோடு ஒப்பிட்டு வாங்குங்கள். நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோள் சரியில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்துவது உடையையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். திருத்தும்போதும் உபரித் துணியை வெட்ட விடாதீர்கள். உள்ளே மடித்துக் கையால் தைத்தால் அடுத்து வாங்குபவர் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம்.

அந்த ஒன்பதில் எதை முதலில் போடுவது என்றால், நீங்கள் எழுதியதை வைத்து மார்ஜீலா கம்பளி ஜாக்கெட்டைச் சொல்வேன், துணி தாங்கும். போடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் அக்குளின் உள்தையலை இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் விட்டுப்போயிருந்தால் மெல்லிய ஊசியால், பழைய துளைகள் வழியாகவே, நெருக்கிப் பிடிக்காமல் தைத்துவிடுங்கள். மூன்று முறை போட்ட பிறகு பாக்கெட்டில் கை எங்கே போய் நிற்கிறது, தோள் என்ன செய்கிறது என்று இதே இடத்தில் வந்து எழுதுங்கள். உங்கள் அளவுத் தாளையும் போடுங்கள், பத்தாவது உடையைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.